மருந்து வண்டி இல்லாத ஆறு மாதம்

அம்மா நர்ஸ் வேலைக்கென்று வெளிநாடு போனபோது மகளுக்கு நான்கு வயது. அப்பா அதற்கு முன்பே ஒரு விபத்தில் போய்விட்டார். ஐந்து வருடம் பெரியம்மா வீட்டில் வளர்ந்த மகளுக்கு அம்மா என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிற ஒரு குரல்தான். கடைசியில் அம்மா மகளையும் வரவழைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டபோது மகள் ரொம்ப மரியாதையாக, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். அந்த "நீங்க", "நீ" ஆவதற்கு எட்டு மாதம் பிடித்தது.

போன இடத்தில் அம்மாவின் சான்றிதழ் செல்லாது என்றிருந்தார்கள். அந்த ஊர் மொழியில் பரீட்சை எழுதித் தேறும்வரை ஆஸ்பத்திரியில் தரை துடைக்கவும் சாப்பாட்டுத் தட்டு எடுக்கவும்தான் விட்டார்கள். ஏற்கெனவே ஏழு வருடம் ஊசி போட்ட கை. புதிதாக வந்த சின்னப் பெண்கள் நரம்பு கிடைக்காமல் நோயாளியின் கையில் நாலு இடத்தில் குத்துவதைப் பார்த்தபடியே தரையைத் துடைப்பாளாம். "கை துறுதுறுங்கும். மாப்புக் கட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்" என்று பின்னால் சொல்வாள். மூன்றாம் தடவை பரீட்சையில் தேறினாள். மகளை வரவழைக்க அனுமதி கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது மாடியில் ஒரு அறையும் சமையலறையும். அம்மாவுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்ஜ் கதவில் வாரத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், எந்தக் கிண்ணத்தில் எந்த வேளைக்குச் சாப்பாடு என்று. பிற்பகல் டியூட்டி இருந்தால் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போவாள். வார்டில் துவைத்த விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒருநாள் கதவிடுக்கு வழியே பார்த்தால், நினைவு தப்பிப்போன ஒரு வயசாளிக்கு அம்மா முகச்சவரம் செய்துகொண்டே தமிழில் கதை பேசிக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள், அவருக்குப் புரியுமா என்று.

"அவருக்கு இப்ப எந்த பாஷையும் புரியாது. எனக்கோ வார்டுல நம்ம பாஷையில பேச ஆள் இல்ல. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

மகளுக்குப் பதினாறு வயதானபோது ஒரு சம்பவம் நடந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த சமயம். வார்டுக்கு அடுத்த ஹெட் நர்ஸாக அம்மாவைப் போடப்போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. அன்று காலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாக மாத்திரை கொடுத்து வந்தவள், ஏழாம் கட்டில்காரருடைய ரத்த அழுத்த மாத்திரையை எட்டாம் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாள். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். எட்டாம் கட்டில்காரருக்கோ ஏற்கெனவே அழுத்தம் குறைவு. அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அம்மா ஹெட் நர்ஸ் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

டாக்டர் வந்தார். அரைமணிக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்கச் சொன்னார். மதியத்துக்குள் அது சரசரவென்று இறங்கியது; தயாராக இருந்ததால் உடனே சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து, சாப்பாடு ஏன் இன்னும் வரவில்லை என்று சண்டை பிடித்தார். அவருக்கு அதோடு சரியாயிற்று. அம்மாவுக்கு விசாரணை நடந்தது. ஆறு மாதம் மருந்து வண்டியைத் தொடக்கூடாது. ஹெட் நர்ஸ் பதவி, அவளிடமே வேலை கற்ற ஒரு பெண்ணுக்குப் போயிற்று.

விஷயம் தெரிந்த அன்று மகள் சமையலறையில் அவளை மடக்கினாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏம்மா நீயா போய் மாட்டிக்கிட்ட? நம்மளத் திருப்பி அனுப்பிட்டா?"

அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். "பிரஷர் இறங்குச்சுன்னா டாக்டர் எதுனாலன்னு தேடணும். தேடுற நேரத்துல ஆள் போயிடுவாரு. சொல்லிட்டா தேட வேண்டியதில்ல."

"என்னைப் பத்தி யோசிக்கவே இல்லையா?"

"யோசிச்சேனே. அதான் பத்து நிமிஷம் ஆச்சு."

மகள் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கும் அனுமதி இரண்டு மாதம் தள்ளி வந்தது, ஆனால் வந்தது. ஆறு மாதம் முடிந்ததும் வண்டியும் கைக்கு வந்தது. பதவி கடைசிவரை வரவில்லை. ஆனால் புதிதாகச் சேர்கிற நர்ஸ்களை மருந்து கொடுக்கப் பழக்குவதற்கு அந்த ஹெட் நர்ஸ் பெண் அம்மாவிடம்தான் அனுப்புவாள். அம்மாவும் முதல் நாளே தன் தப்பைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள். அந்தப் பத்து நிமிடம் அம்மாவுக்கு எப்படிப் போயிருக்கும் என்பது மகளுக்கு உறைத்தது, தனக்கு ஒரு குழந்தை பிறந்த பிறகு.

மகள் படித்து, நகரத்தின் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் சேர்ந்தாள். அம்மா ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் நோயில் படுத்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம், அங்கே படுத்தால் வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லியே செத்துப்போவேன் என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். மகள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். கட்டிலிலேயே உடம்பு துடைத்துவிட வேண்டும். மகள் அதுவரை செய்ததில்லை.

"தண்ணிச் சூட்டை விரல்ல பாக்காத, முழங்கையில பாரு. முகம் முதல்ல. துடைச்ச இடத்தை உடனே போர்த்து, குளிருதுல்ல."

முடிந்ததும் எத்தனை மார்க் என்று மகள் கேட்டாள். பத்துக்கு ஐந்து என்றாள் அம்மா; அவசரப்படுகிறாளாம். ஒரு மாதத்தில் அது ஏழாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு கொடுத்தாள். வியாழக்கிழமை மதியம் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்திருந்த வார்டுப் பெண்களிடம் மகள் இந்த எட்டு மார்க்கைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவிடம் வேலை பழகிய தங்களில் யாருக்கும் ஆறுக்கு மேல் கிடைத்ததில்லை என்று ஹெட் நர்ஸ் சொன்னாள்.