டி டிரைவில் பத்திரமாக

இன்று காலை கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். காபி குடித்து முடித்தும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி கழித்துத்தான் ஒருவழியாக எழுந்தது. நேற்றுவரை ஒரு நிமிடத்தில் எழுந்துகொண்ட பெட்டி!

பழுது பார்க்கும் ரஃபீக் பாய் வந்து பெட்டியில் காதை வைத்தார். உள்ளே டக், டக்.

"ஹார்ட் டிஸ்க் போய்க்கினு கீது சார். ஆஃப் பண்ணிடாதீங்க, மறுபடி எழுந்துக்காது."

பாட்டு டீச்சரான என் மனைவி அசரவில்லை. "பயப்படாதேங்கோ. நொட்டேஷன் எல்லாத்தையும் டி டிரைவ்ல இன்னொரு காப்பி போட்டு வெச்சிருக்கேன்."

"சி, டி ரெண்டுமே இந்த ஒரே டிஸ்க்லதாம்மா கீது."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து வருடப் பாட்டு.

பாய் தன் டிஸ்க்கை மாட்டிக் காப்பி எடுக்கிறார். பதினோரு சதவீதத்திலேயே நிற்கிறது. ஃபியூஸ் போய்விடுமோ என்ற பயத்தில் மிக்ஸிகூடப் போடவில்லை.

'எங்களுடையதும் டி டிரைவில்தான்' என்று யாராவது சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டும்.