லென்ஸ் இல்லாமல் எடுத்த படம்

பாண்டியராஜிடம் இருந்த மூன்று லென்ஸ்களும் திருகு லென்ஸ்கள். பாட்டில் மூடியைப் போலக் கேமராவின் வாயில் வைத்துத் திருக வேண்டியவை. குந்தா மின் நிலையத்தில் வேலை முடிந்து சொந்த ஊருக்குக் கிளம்பிய ஓர் இன்ஜினியர், தன் பழைய ஃபிலிம் கேமராவோடு சேர்த்து அவற்றை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு மேலே, உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அந்தக் கேமராவை வைத்துத்தான் பாண்டியராஜ் ஸ்டுடியோ தொடங்கினார்.

யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. ஒவ்வொன்றையும் ஒருமுறை தப்பாகச் செய்து, ஏன் தப்பானது என்று நோட்டில் எழுதி வைத்துத்தான் கற்றார். லென்ஸின் தூர அளவில் கடைசியாக ஓர் எட்டு படுத்துக் கிடக்கும். கண்ணுக்கெட்டும் கடைசித் தூரம் என்று அதற்குப் பொருள். ஆரம்பத்தில் அதை எட்டு மீட்டர் என்று நினைத்து, வளையத்தை அதில் வைத்து, ஓர் எஸ்டேட் ஃபாக்டரி டீமேக்கரின் பிரிவுபசார குரூப் போட்டோவை எட்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தார். நாற்பது பேர் முகமும் சோப்பு நுரையாக வந்தது. அன்றிலிருந்து தூரத்தை டேப் பிடித்து அளந்த பிறகே பொத்தானை அழுத்துவார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் மூக்குவரை டேப் நீட்டுகிற ஆள் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

பசுந்தேயிலை விலை விழுந்து எழாமலே கிடந்த வருடங்களில் கல்யாண ஆர்டர்கள் நின்றன. கல்யாணம் வைத்தவர்களும் செல்போனிலேயே படம் பிடித்துக்கொண்டார்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடி இறங்குகிறவர்களுக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துத் தந்ததில் ஸ்டுடியோ ஓடியது. ஃபிலிம் கிடைக்காமல் போனதும் கோவையில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினார். கேமரா மட்டும்தான், அதற்கான லென்ஸ் இல்லை. திருகு லென்ஸை அதில் மாட்ட ஓர் அடாப்டர் வளையத்தைத் தபாலில் வரவழைத்தார். அதன் உட்புறம் மரை இருக்கும். வெளிப்புறம் அந்தக் கேமராவின் வாய்க்கு ஏற்ற பல் இருக்கும்.

அதில் ஒரு குறை இருந்தது. திருகு லென்ஸ், கேமராவுக்குள் படம் பதிகிற தளத்திலிருந்து நாற்பத்தைந்தரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும்படி செய்யப்பட்டது. இவர் வாங்கிய கேமராவின் வாயோ நாற்பத்தாறரையில் இருந்தது. வளையத்தையும் சேர்த்தால் லென்ஸ் ஒன்றேகால் மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றது. இதனால் கிட்டே இருப்பது தெளிவாக விழும், தூரத்தில் இருப்பது எவ்வளவு திருகினாலும் விழாது. பாண்டியராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஸ்டுடியோவில் யாரும் ஏழடிக்கு அப்பால் உட்காரப் போவதில்லை.

தூரம் தேவைப்பட்டது அவருடைய அக்கா வீட்டுக்காரருக்காக.

வேலாமணி பக்கத்து எஸ்டேட்டில் பதினெட்டு வருடமாக வாட்ச்மேன். அக்கா சுஜாதாவுக்கு அங்கேயே கொழுந்து பறிக்கிற வேலை. எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை வேலாமணி ஸ்டுடியோவுக்கு வந்து, கையிலிருந்த சார்ஜ் ஷீட்டை மேசைமேல் வைத்தார். கீழ் டிவிசனில் அறுபத்திரண்டு சில்வர் ஓக் மரங்கள் காணவில்லை, வாட்ச்மேனின் உடந்தையில்லாமல் அது நடந்திருக்க முடியாது என்று அதில் இருந்தது.

"மச்சான், உங்களுக்குத் தெரியாம அறுவத்திரெண்டு மரம் எப்படிப் போகும்?"

"தெரியாமன்னு நான் எங்க சொன்னேன்? ஞாயித்துக்கெழமைல போவுது மாப்ள. அன்னிக்கு என்னைய மேல் கேட்டுக்குப் போகச் சொல்றதே ஃபீல்டு ஆபீசர்தான். வாயாலதான் சொல்றாரு, எழுதியா குடுக்கறாரு? கீழ் ரோட்டுல லாரி ஏறி வர்ற சத்தம் மேல வரைக்கும் கேக்குது."

"அப்படியே சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே."

"சொன்னேன். 'சத்தம் கேட்டா எழுந்து போய்ப் பாக்கறதுக்குத்தான்யா உனக்குச் சம்பளம்'னு சிரிக்கறாரு. பதினஞ்சு நாள்ல என்கொயரி. வேலை போனா ஊடும் போச்சு. மரந்திருடின்னு பேரும் சேந்துக்கும். அப்புறம் எவன் என்னைய வாட்ச்மேனா வெப்பான்?"

கோத்தகிரிச் சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நின்றால் பள்ளத்துக்கு எதிர்ப்புறம் அந்தக் கீழ் டிவிசன் முழுதும் தெரியும். நேர்க்கோட்டில் நானூறு மீட்டர். அடுத்த நாளே பாண்டியராஜ் அங்கே போய், மூன்று லென்ஸ்களில் நீளமான இருநூறு மில்லிமீட்டரை மாட்டிப் பார்த்தார். நாற்பது மீட்டர்வரை இலைகளை எண்ணலாம் போலிருந்தது. அதற்கு மேல் மலை கரைந்துவிட்டது. கோவைக் கடைக்காரர் ஒருவர், நடுவில் கண்ணாடி வைத்த வளையம் ஒன்றைக் காட்டி அதில் தூரம் வரும் என்றார். இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தார். தூரம் வந்தது, ஆனால் எதிர்ச்சரிவு முழுக்கப் பால் ஊற்றினாற்போல் இருந்தது. லாரியா மாட்டு வண்டியா என்றுகூடச் சொல்ல முடியாது. வளையத்தை மெலிதாக்க வழியில்லை. குறைத்தால் லென்ஸைத்தான் குறைக்க வேண்டும்.

பாண்டியராஜுக்குப் பழக்கமான ஃபிட்டர் பரமசிவன் வேலை பார்த்த, இலை வாங்கித் தூளாக்கும் ஃபாக்டரி அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. இலையை நறுக்கும் ரோலர்களைக் கடைசலுக்குப் போடுகிற லேத் சும்மா கிடந்தது. பாண்டியராஜ் லென்ஸைப் பிரித்து, கண்ணாடிகளை வேட்டித் துணியில் சுற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் பின்குழாயை மட்டும் எடுத்துப் போனார்.

"ஏனுங்க, இந்த எட்டு எதுக்குப் படுத்துக் கெடக்குது?" குழாயின்மேல் இருந்த தூர வளையத்தைப் பார்த்துப் பரமசிவன் கேட்டார்.

"தூரத்துக்கு அளவு இல்லைன்னு அர்த்தமுங்க."

"நான் அதுக்கும் இலை வெலை கேட்டு மயக்கம் வந்துருச்சோன்னு நெனச்சேன். சரி, எவ்வளவு எடுக்கோணும்?"

"ஒண்ணேகால் மில்லி. கூடக் கொறச்சல் இருக்கக் கூடாது."

"ரோலருக்கும் ரோலருக்கும் நடுவுல எவ்வளவு கேப் வெக்கறோம்னு தெரியுமா உங்களுக்கு? தலைமயிரளவு. என்ர கிட்ட வந்து மில்லி பேசறீங்க."

ரோலர்களின் இடைவெளியைச் சோதிக்க அவர் வைத்திருந்த மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி ஒன்றேகால் மில்லிமீட்டர் காட்டினார் பரமசிவன். பாண்டியராஜ் அதை மூன்றுமுறை பிரித்து அடுக்கச் சொன்னார். பிறகு லேத் சுற்றியது. ஒவ்வொரு சீவலுக்கும் நிறுத்தி, தகடு வைத்துப் பார்த்து, மறுபடி சுற்றி, ஒரு விளிம்பைக் கடைந்து முடிக்க மத்தியானம் முழுதும் ஆனது. வெட்டியது வெட்டியதுதான், ஒட்ட முடியாது. அன்று சாயங்காலமே வளைவில் போய் நின்று மாட்டிப் பார்த்தார். எதிர்ச்சரிவில் கவ்வாத்துப் பண்ணாமல் ஆளுயரம் வளர்ந்த தேயிலைச் செடிகளும், அவற்றின் நடுவே புதிதாக வெட்டிய அடிமரங்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு லாரி வந்தது. மூடுபனியாய் மஞ்சு பள்ளத்திலிருந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இந்த லென்ஸை மாட்டினால் கேமராவின் வெளிச்ச அளவுமானி வேலை செய்யாது. கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மஞ்சு விலகிய நான்கு நிமிடத்தில் பதினோரு படம் எடுத்தார். ஏழாவது படத்தில் எல்லாம் விழுந்திருந்தது. லாரியின் பின்பலகையில் எழுதிய எண், மரம் ஏற்றுகிற நான்கு பேர், பச்சை ஜீப், அதன் பானட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஃபீல்டு ஆபீசர் ரவிக்குமார்.

அதைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டியபோது வேலாமணி திரையருகே போய் நின்றார். "டம்ளர்கூடத் தெரியுதேப்பா" என்றார். சுஜாதா முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"பிரிண்டு போட்டுக் குடுத்துருங்க, போதும்" என்றார் படம் பார்க்க வந்திருந்த பரமசிவன்.

பாண்டியராஜ் கேட்கவில்லை. பிரிண்டில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம், நாளைக்கு அதையே சொல்வார்கள் என்றார். கேமராவிலிருந்து இறங்கிய கோப்பை அப்படியே, ஓரம்கூட வெட்டாமல், சிடியில் போட்டார். திருத்தம் எதுவும் செய்யாத மூலப் படம், எடுத்த நாளும் நேரமும் கோப்பிலேயே பதிவாகியுள்ளன என்று ஒரு கடிதம் எழுதி வைத்தார்.

என்கொயரி எஸ்டேட் ஆபீசில் நடந்தது. நடத்தியவர் கோவையிலிருந்து வந்திருந்த ஒரு வக்கீல். வயதானவர், குரலை உயர்த்தாதவர். வேலாமணியை உட்காரச் சொன்னதே அவர்தான். சிடியைப் போட்டதும் படம் திரையில் வந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். ரவிக்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாள், நேரம் எல்லாம் இதுலயே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எங்க இருக்கு?" என்று வக்கீல் கேட்டார்.

ஆபீஸ் கிளார்க் ஜெஸிந்தா கோப்பின் விவரத்தைத் திறந்து வாசித்தாள். "ஞாயித்துக்கெழமை, காலைல ஏழு நாப்பத்திரெண்டுங்க சார். கேமரா பேரு இருக்குதுங்க. ஷட்டர் இருக்குது. லென்ஸ்..." அவள் நிறுத்தினாள். "லென்ஸ் சைபர் மில்லிமீட்டர்னு இருக்குதுங்க சார். அப்பர்ச்சரும் சைபர்."

"அப்படின்னா?"

"லென்ஸே மாட்டலைன்னு காட்டுதுங்க."

ரவிக்குமார் ஜன்னலிலிருந்து திரும்பினார். "லென்ஸ் இல்லாம போட்டோவா? பேய் கீய் வந்து எடுத்துச்சுங்களா ஸ்டுடியோக்காரரே?"

பாண்டியராஜ் எழுந்தார். இந்த லென்ஸ் செய்த காலத்தில் கேமராவோடு பேசுகிற வழக்கம் லென்ஸுக்கு இல்லை, நடுவில் இருக்கிற வளையமும் வெறும் உலோகம், அதனால் என்ன மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது, தெரியாததைச் சைபர் என்று எழுதிக்கொள்ளும் என்று நிதானமாகச் சொன்னார். பையிலிருந்து கேமராவை எடுத்து, ஜன்னல் வழியே கொடிக்கம்பத்தைப் படம் பிடித்து, அதன் விவரத்தையும் திறந்து காட்டச் சொன்னார். அதிலும் சைபர்தான் இருந்தது.

வக்கீல் அதைக் கவனமாகப் பார்த்தார். லென்ஸைக் கையில் வாங்கி, பின்புறத்தில் பளபளவென்று இருந்த விளிம்பை விரலால் தடவினார்.

"இது புதுசா இருக்கே?"

"லேத்ல கடஞ்சதுங்க. ஒண்ணேகால் மில்லி."

"எதுக்கு?"

"கடையாட்டி அந்தத் தூரம் விழாதுங்க."

"அதாவது, இந்தப் படத்தை எடுக்கறதுக்காகவே கருவியை மாத்தியிருக்கீங்க."

பாண்டியராஜ் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "ஆமாங்க" என்றார்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலைங்க" என்றார் வக்கீல். "ஆனா, அந்தக் கோப்பை நம்புங்கன்னு எழுதிக் குடுத்தது நீங்க. அந்தக் கோப்பு லென்ஸ் இல்லைங்குது. இப்ப அதுல ஒரு பாதியை நம்பு, ஒரு பாதியை நம்பாதேங்கறீங்க. நான் என்னன்னு எழுதறது?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை வளைவுக்கு வாங்கய்யா. நேராவே காட்டறேன்."

வக்கீல் வருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். காலை ஆறரை மணியிலிருந்து பத்துவரை, மஃப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு பாண்டியராஜோடு நின்றார். லாரி வரவில்லை. அவர் வரப்போவது என்கொயரி அறையில் இருந்த எல்லோருக்கும் முன்பே தெரியும், ரவிக்குமாருக்கும். திரும்பும்போது, "நல்ல லென்ஸ்தான்" என்றார். மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. சமர்ப்பித்த படம் மாற்றியமைக்கப்பட்ட கருவியால் எடுக்கப்பட்டது, அதன் உள்விவரம் நம்பத்தக்கதாக இல்லை, குற்றச்சாட்டு நிரூபணம். லயன் வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம்.

பாண்டியராஜ் அன்று ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்து, வந்தவர்களுக்குப் படம் எடுத்தார். பிரிண்டை மட்டும் கொடுத்திருந்தால் அந்தச் சைபரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பரமசிவன் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. பாண்டியராஜுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீடு காலி செய்கிற அன்று சுஜாதா ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அந்தப் போட்டோவப் பெருசா ஒண்ணு போட்டுக் குடு தம்பி. போற எடத்துல திருடன்னு எவனாச்சும் சொன்னா எடுத்துக் காட்டோணும்."

"அதான் செல்லாதுன்னுட்டாங்களேக்கா."

"பேப்பர்ல சைபர் வருமா?"

"வராது."

"அப்பப் போடு."

போட்டுக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் வைத்து, ஓரங்களை ஒட்டியும் கொடுத்தார். அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகச் சொல்லி, சுஜாதாவும் வேலாமணியும் மலையை விட்டுக் கீழே இறங்கினார்கள்.

இருபது நாள் கழித்து வேலாமணி போன் செய்தார். மில்லில் வேலை கிடைத்தது, வாட்ச்மேன் வேலை இல்லை, கழிவுப்பஞ்சு மூட்டை தூக்குகிற வேலை. எஸ்டேட்டுச் சேதி அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"போட்டோவக் காட்டினீங்களா மச்சான்?"

"காட்டாம? மேனேசரு கையில வாங்கி நல்லாத்தான் பாத்தாரு. 'இதுல நீ எங்கய்யா இருக்கே'ன்னாரு. நான் இதுல இல்லீங்க, அதுதானுங்க விசயமேன்னேன். 'நீ இல்லாத போட்டோவ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு." மில்லின் இரைச்சலுக்கு மேல் வேலாமணி கொஞ்சம் சிரித்தது கேட்டது. "ஏன் மாப்ள, நான் அன்னிக்கு அங்க இல்லைங்கறதப் படமாப் புடிக்க முடியாதா?"

அது கேலியா கேள்வியா என்று பாண்டியராஜுக்குத் தெரியவில்லை. வந்த ஆர்டரை யோசிப்பதுபோலவே அதையும் யோசித்துப் பார்த்தார். எந்த லென்ஸ், எங்கே நிற்பது, எவ்வளவு தூரம். வேலாமணி மறுமுனையில் காத்திருந்தார்.

"முடியாதுங்க மச்சான்" என்றார்.