ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஸ்ட்ராஸ்பர்க்

பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மேயருக்கே வழி தப்பிவிட்டால், அவர் போன் போட வேண்டியது நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் புஷ்பவல்லிக்குத்தான். சரி, மேயர் கொஞ்சம் அதிகம். சொந்த ஊரில் அவருக்கு வழி தெரியாதா என்ன? ஆனால் அந்த ஊர் டாக்ஸிக்காரர் ஒருவரையாவது வழி சொல்வதில் புஷ்பவல்லி மடக்கிவிடுவாள், அதில் பொய் கலப்பில்லை. அங்கிருக்கும் பெரிய மாதா கோயிலுக்கு ஒற்றைக் கோபுரம்தான், ஜோடிக் கோபுரத்தைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கோயிலுக்குள் இருக்கும் ராட்சசக் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டரைக்குச் சீடர் பொம்மைகள் வரிசையாகப் போவதும், சேவல் கூவுவதும் அத்துப்படி.

அந்த ஊரில் அவள் கால் பட்டதே இல்லை.

சனிக்கிழமைதோறும் பேஸ்மென்ட்டில் வாஷிங் மெஷின் சுற்றும் நேரம் அவளுடையது. லேப்டாப்பில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆற்றோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள். பதினோரு வருடம் கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இப்படி நடப்பதுதான் பத்திரம். விசா முத்திரைக்கென்று வெளியே போய் அங்கேயே மாட்டிக்கொண்டவர்களின் கதை தெருவுக்கு இரண்டு உண்டு. அந்தப் பயத்தில் நான்கு வருடமாகச் சொந்த ஊர் விருதுநகருக்குக்கூட அவள் போகவில்லை.

ஏன் அந்த ஊர் என்று மகள் தென்றல் ஒருமுறை கேட்டாள். "கெமிஸ்ட்ரிக்கு நல்ல ஊர்" என்று மட்டும் சொன்னாள் புஷ்பவல்லி. மதுரையில் எம்.எஸ்ஸி. முடித்த வருடம், ஆராய்ச்சிப் படிப்புக்கு வரச்சொல்லி அங்கிருந்து ஒரு கடிதம் வந்ததை அவள் சொல்லவில்லை. அந்தக் கடிதத்துக்கு என்ன ஆனது என்பதற்கு அவள் பிறந்த வீட்டில் ஒரே ஒரு கதைதான். அப்பாவை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று புஷ்பவல்லியே அதைக் கிழித்துப் போட்டாள். கல்யாணத்தில் அது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லப்பட்டது, பிறகு கணவன் சந்தானத்துக்கு, பிறகு வருகிற போகிறவர்களுக்கெல்லாம். இருபத்துமூன்று வருடமாக அதை மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மே மாதம் கிரீன் கார்டு வந்தது. டிசம்பருக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. அதற்கு முன்னால் அக்டோபரில் ஒரு நீண்ட வாரக்கடைசி வந்தது. வியாழன் மாலை நெவார்க்கில் ஏறி, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயில் பிடித்தால் வெள்ளி மதியம் ஸ்ட்ராஸ்பர்க். திங்கள் இரவு வீடு. பிரான்ஸ் விசாவும் கிடைத்துவிட்டது. தென்றலுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கம் ஆகட்டுமென்று, பயணத் திட்டத்தைப் பெரிய சார்ட் தாளில் தடித்த மார்க்கரால் தமிழிலேயே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"இது என்ன, உன் லேப்ல சாம்பிள் டெஸ்ட் பண்ற மாதிரி அரை மணிக்கு அரை மணி போட்டிருக்கே?" என்றான் சந்தானம். "ஒன்பது பத்துக்கு மூச்சு விடணும்னு போடலியே."

"அம்மா, இட்ஸ் எ வெகேஷன், நாட் அன் எக்ஸாம்" என்றாள் தென்றல்.

செப்டம்பர் கடைசியில் அப்பா கருப்பசாமி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை.

"எப்பத்தா வர்ற? அதான் கார்டு வந்திருச்சுல்ல" என்று அம்மா போனில் கேட்டாள்.

"ஆபீஸ்ல ஆடிட்மா. லீவே கிடையாது. டிசம்பர்ல வந்துடறேன்."

ஆடிட் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டிருந்தது. போனை வைத்த பிறகு புஷ்பவல்லி கையில் இருந்த துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடேன். மூணு நாள்தானே?" என்றான் சந்தானம்.

"ஏழு மணி நேரம் பறந்து பொம்மை பாக்கப் போறவளுக்கு, இன்னொரு ஒம்பது மணி நேரம் பறந்து அப்பனைப் பாக்க முடியலியான்னு கேப்பாங்க. கேட்டா என்னங்க பதில் சொல்றது?"

"அப்ப கேன்சல் பண்ணு."

அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தான் அந்த ஆற்றோரத்தில் நின்றுகொண்டிருப்போம் என்ற நினைப்பு சோற்றில் கல்லாகக் கடிபட்டது. இந்த முறையும் போகாவிட்டால் இனி எப்போதும் போகப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

புறப்பட ஐந்து நாள் இருக்கையில், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல வீடியோ அழைப்பு. அந்த வீட்டுப் பெண்களுக்குச் சும்மா உட்கார்ந்து பேசி வழக்கமில்லை. போனைச் சாம்பார்ப்பொடி டப்பாவில் சாய்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான் ஊர்க்கதை. முந்தின வாரம் ஞாபகமாக பேஸ்மென்ட்டில் நின்று பேசியவள், அன்று மறந்துபோனாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ்.

அப்பா மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் கிளார்க். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விடமாட்டார். கட்டிலில் கிடக்கிறவருக்கு வேறு வேலையும் இல்லை. அருகே நாற்காலியில், உடம்பு விசாரிக்க வந்த பழைய அலுவலக நண்பர் பிச்சுமணி.

"அதென்னத்தா பின்னாடி? 'வெள்ளி, மாலை மூன்று, ஆற்றங்கரை. சனி, பன்னிரண்டரை, கடிகாரம்.' மேல பெருசா என்னமோ போட்டிருக்கே... ஸ்ட்ராஸ்பர்க்."

கத்தி நின்றது. புஷ்பவல்லி திரும்பவில்லை.

"ஆடிட் இல்லப்பா" என்றாள். "வியாழக்கிழமை அங்க போறோம். மூணு நாள். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தார்.

"கேன்சல் பண்ணிடறேன்பா. நேரா அங்க வந்துடறேன்." அவள் போய்ச் சார்ட் தாளின் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டாள். செல்லோடேப் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். மகளைப் பார்க்காமல் பிச்சுமணி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டீங்களா பிச்சுமணி? எம்மக அப்பவும் இப்படித்தான். அந்த ஊர்லேர்ந்து இவளுக்கு லெட்டரே வந்துச்சு. எங்கப்பாவை விட்டுட்டு எங்கயும் போமாட்டேன்னு, என் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டா."

புஷ்பவல்லி அடுத்த மூலைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

கட்டிலின் கால்மாட்டில், படத்தில் தெரியாத இடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏத்தா, ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கட்டும், கைய எடு. பிச்சுமணி அண்ணே, லெட்டர அவ கிழிக்கல. மூணு நாள் சோறு வேணாம்னு படுத்துக் கெடந்துட்டு, நாலாம் நாள் எந்திரிச்சு இவருதான் கிழிச்சாரு. கூட்டி அள்ளுனது நானு."