ஏற்காட்டில் கசியாத அணு உலை

தலைப்பு வைப்பவர் சேலத்தில் பத்திரமாக இருப்பார்; அதற்குத் திட்டு வாங்குபவர் ஊரில் இருப்பார். என்னைப் போல அடிபட்ட உள்ளூர் நிருபர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் ஏற்காட்டில் நான் பட்டதை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சாதனை

அணு உலை எரிபொருள் நிபுணர்கள் மூன்று நாள் கருத்தரங்குக்காக வந்து ஏரிக்கரை ஹோட்டலில் தங்கினார்கள். அவர்களில் ஒரு மூத்த பொறியாளர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சாக்பீஸ் துண்டு போன்ற யுரேனிய வில்லைகளை மெல்லிய உலோகக் குழாய்களில் அடைத்து, கட்டுக்கட்டாக உலைக்குள் வைப்பார்கள். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் சுற்றி ஓடும் நீரில் கதிரியக்கம் கூடிக் காட்டிக்கொடுத்துவிடும். வடக்கே ஓர் உலையில் அப்படி ஓட்டை விழுந்த குழாய்க்கட்டை, உலையை நிறுத்தாமலே உருவி எடுத்திருந்தார்கள்.

“இதுல செய்தி என்னங்க சார்?” என்றேன்.

“கரண்ட் நிக்கலையே, அதுதான் செய்தி!” என்றார்.

தலைப்பு

தபால் ஆபீஸிலிருந்து சேலத்தில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ட்ரங்க் கால் போட்டுச் செய்தியை வாசித்தேன். செய்தி கிளம்பிய ஊரின் பெயரை முதலில் சொல்வது எங்கள் வழக்கம். உதவி ஆசிரியர் அந்த ஊரையும் செய்தியின் நடுவிலிருந்த ஓட்டையையும் முடிச்சுப்போட்டுவிட்டார். காலையில் பேப்பரைப் பிரித்தால், ‘ஏற்காடு அணு உலையில் கசிவு!’ ஏற்காட்டில் ஏது அணு உலை?

கோடைக்கு அறை சொல்லியிருந்த இரண்டு குடும்பங்கள் மதியத்துக்குள் போன் செய்து வேண்டாமென்றுவிட்டன. ஹோட்டல் மேனேஜர் குப்புசாமி என்னைத் தேடி வந்தார்.

“ஏனுங்க, மூணு நாளும் உங்களுக்குக் காப்பி குடுத்தேன். பதிலுக்கு என்ற பொழப்புல அணுகுண்டையே போட்டுட்டீங்களே!”

திருத்தம்

சீசன் படுத்துவிட்டால் அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? மறுபடி சேலத்துக்குப் போன் போட்டு, மறுப்புப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். உதவி ஆசிரியர் கொஞ்சமும் அசரவில்லை.

“சரி, நாலு வரி போடறேன். ஆனா ஏற்காட்டுல உலை இல்லேன்னு நீங்களும் எழுதலையே சார்!”

ஞாயிற்றுக்கிழமை

மறுப்பு, மணமகள் தேவை விளம்பரத்துக்கு அடியில் வந்தது. ஞாயிறன்று சேலத்து பஸ்களில் நிற்க இடமில்லை. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கியவர்கள் எல்லோரும் உலைக்கு வழி கேட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் சும்மா திரும்பக் கூடாதென்று ஒரு கடைக்காரர் அவர்களைச் சேர்வராயன் கோயிலுக்கு அனுப்பிவைத்தார். கடைசி பஸ்ஸை விட்டவர்களால் ஹோட்டல் நிறைந்தது. கைவிட்டுப்போன இரண்டு அறைகளையும் அவர்களிலேயே இரண்டு பேர் கோடைக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுப்பைக் கத்தரித்துக் கொண்டுபோய்க் குப்புசாமியிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுதும் படித்தார்.

“நல்லவேளைங்க, நொம்பச் சின்ன எழுத்துல போட்டிருக்காங்க!”

நான் சரியாக எழுதிய எந்தச் செய்தியைப் படித்தும் ஒருவர்கூட மலையேறி வந்ததில்லை.