ரங்கூன் தொப்பியின் விளிம்பு

மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த விக்டோரியா யாரையும் சீக்கிரம் நம்ப மாட்டாள். பால்காரன் அளக்கும்போது படியின் அடியைத் தடவிப் பார்ப்பாள். தினமும் ரயிலேறி மெட்ராஸ் போய், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு தொப்பிக் கடையில் வேலை செய்தாள். ரேஸுக்குப் போகிறவர்களும் சினிமா கம்பெனிக்காரர்களும் கொண்டுவந்து போடும் பழைய ஃபெல்ட் தொப்பிகளை ஆவி காட்டி நிமிர்த்த வேண்டும். நாடா மாற்ற வேண்டும். உள்ளே வியர்வை படும் தோல் பட்டையைத் தைக்க வேண்டும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தாள். அம்மா செண்பகத்தின் எதிரே முன்பின் தெரியாத ஒருவன் காபி குடித்துக்கொண்டிருந்தான். அம்மா அழுதிருந்தாள். அவள் மடியில் ஒரு ஃபெல்ட் தொப்பி.

அவன் பெயர் தாவீது. பர்மாவிலிருந்து அகதியாக வந்தவன், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. விக்டோரியாவின் அப்பா அரசப்பன் யுத்தத்தின்போது மனைவியையும் குழந்தையையும் கப்பலேற்றிவிட்டு ரங்கூனிலேயே தங்கியவர். பிறகு தகவலே இல்லை. அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறிவிட்டாள். குண்டு விழுந்த அந்த வருஷமே, காட்டு வழியில் நடந்து வரும்போது காய்ச்சலில் அரசப்பன் இறந்துபோனார் என்றும், கூட வந்த தன் அப்பா அவருடைய தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு ரங்கூனுக்கே திரும்பிவிட்டார் என்றும் தாவீது சொன்னான்.

பார்த்ததுமே அவன் அக்கா என்று கூப்பிட்டது விக்டோரியாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மா பெயரில் இருந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது. தொப்பியை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

யுத்த காலத்துத் தொப்பிகளுக்கு விளிம்பு அகலம், நாடாவும் அகலம். இதன் விளிம்பு ஒடுக்கமாக இருந்தது, நாடா சுண்டுவிரல் அகலம்தான். அப்படிக் குறுகியது அறுபதுவாக்கில். சிலர் பழைய தொப்பியின் விளிம்பை வெட்டிக்கொள்வதும் உண்டு. ஓரத்தை நகத்தால் தடவினாள், கத்தி பட்ட அடையாளம் இல்லை. தோல் பட்டையைப் புரட்டினாள். ரங்கூன் கடையின் பெயர், அதன்கீழ் யூனியன் ஆஃப் பர்மா என்று மங்கிய தங்க எழுத்து. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அந்தப் பெயரே கிடையாது.

அம்மாவின் எதிரில் ஒன்றும் பேசவில்லை. வழியனுப்புகிற சாக்கில் ஸ்டேஷன்வரை கூடவே நடந்தாள். பிளாட்பாரத்தில் நிறுத்திக் கேட்டாள்.

"இந்தத் தொப்பி நீ சொல்ற வருஷத்துல செஞ்சதே இல்ல. நீ யாரு? இன்னாத்துக்குப் பொய் சொல்லிகினு வந்தே?"

வந்த ரயில் போனது, அவன் ஏறவில்லை.

"அவரு எனக்கும் அப்பாதான்க்கா. அறுபத்தொம்பதுலதான் செத்தாரு. எங்கம்மாவை அங்கியே கட்டிக்கினாரு. வெள்ளைச் சேலையோட உக்காந்துகினு இருக்கிறவங்ககிட்ட அத எப்படிச் சொல்றது?"

அதையும் அவள் நம்பவில்லை. அப்பாவின் கையில் எந்த விரல் நிமிராது என்று கேட்டாள். தாவீது தன் இடது மோதிர விரலை மடக்கிக் காட்டினான். அரிவாள் பட்டது என்று அப்பா சொல்வார் என்றான். அவளிடமும் அவர் அதைத்தான் சொல்லியிருந்தார்.

விக்டோரியாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் அப்படியே அப்பாவின்மேல் திரும்பியது. இத்தனை வருஷம் உயிரோடு இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே. அவள் விடுவிடுவென்று வீட்டுக்குத் திரும்பினாள். இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, ரயில் லேட்டு என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு தாவீது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்துபோனான். அம்மா அவனுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள். விக்டோரியா கதவோரம் நின்று, அவன் எப்போது வீட்டுப் பேச்சை எடுப்பான் என்று காத்திருப்பாள். அவன் எடுக்கவே இல்லை. அவளும் காத்திருப்பதை விடவில்லை.

எழுபத்தெட்டில் அம்மா இறந்தபோது, பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்தவன் தாவீதுதான். யார் இந்தப் பையன் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.

"என் தம்பி," என்றாள் விக்டோரியா.