கண்டனான்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு குறுக்கு வீதியில் அந்தப் போட்டோகொப்பிக் கடை. அங்கே மெஷினடியில் நிற்கும் கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மை படிந்த விரல்கள், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. எந்தத் தாளையும் வாசிக்காமல் மெஷினில் வைக்க மாட்டார். அவசரத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நான் கொடுத்தது, பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றுக்கு என் டியூஷன் பிள்ளைகளுக்காக எழுதிய விளக்கம். காதலி கனவில் வருவாள். விழித்தால் இருக்க மாட்டாள். ‘கனவில் வந்தது பொய், விழித்தபின் உள்ள தனிமையே மெய்’ என்று முடித்திருந்தேன்.

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

“மிஸ், இது பிழை!”

“எது?”

“பொய் எண்டது. மார்க்கெட்டில ஒராளைச் சந்திச்சா என்னெண்டு சொல்லுவீங்கள்?”

“கண்டனான் எண்டு.” கண்டேன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“கனவில வந்தா?”

வாயைத் திறந்தேன். வேறு சொல் வரவில்லை. “கண்டனான்.”

“பாத்தீங்களே! ரெண்டுக்கும் ஒரே சொல்லு. பிறகெப்பிடி மிஸ் ஒண்டு மட்டும் பொய்யாகும்?” என்று மெஷினில் ஓங்கித் தட்டினார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பத்து வருஷமாகக் கவிதை படிப்பிக்கிறேன். என் வாயிலிருந்த சொல்லை நான் கேட்டதேயில்லை! அந்த வரியை அங்கேயே வெட்டினேன். முப்பது பிரதிகளும் சுடச்சுடக் கைக்கு வந்தன.

“அப்ப நீங்கள் ஆரைக் கண்டனீங்கள்?” என்று பகிடியாகக் கேட்டேன்.

முகம் முழுக்கச் சிரிப்பு. “என்ர அவவைத்தான் மிஸ். நேற்றும் கண்டனான்.”

வகுப்புக்கு ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது. மார்க்கெட்டில் கண்டாரா, கனவில் கண்டாரா?

அதற்குப் பிறகு அவரிடம் எத்தனையோ தாள் கொடுத்தாயிற்று. அதை மட்டும் கேட்க மனம் வரவில்லை.