செவுள் பார்த்து வாங்கிய பல்

பழவேற்காட்டுக் கரையில் மீன் ஏலம் கூவியவள் நான். நாற்பத்தைந்து வயதுக்குள் பல் எல்லாம் போய்விட்டது. மெட்ராசில் கட்டிக்கொண்ட பல்செட்டில் மேல்தட்டு அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக இருந்தது. கீழ்த்தட்டோ பேச வாயெடுத்தாலே ஆடும். ஒருநாள் ஓர் இறால் கூடைக்கு ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி, மூன்றாவதற்கு வாயைத் திறந்தேன். தட்டு எகிறிக் கூடைக்குள் விழுந்தது.

"பல்லும் சேத்தா ஏலம்?" என்றார் பொன்னேரி வியாபாரி. கரையே சிரித்தது. மூன்றாம் தரம் முழுசாகச் சொல்லாததால் அந்த ஏலம் செல்லாமல் போக, என் கொழுந்தன் மறுபடி கூவினான். மறுநாளும் அவனே. தொண்டை உண்டு, சரக்கு பார்க்கத் தெரியாது. பல் போனபோது நான் அழவில்லை. ஏலம் கூவும் அந்த இடம் போனதற்கு அழுதேன்.

இது எழுபதுகளில். பல் டாக்டரிடம் போய், "ஆணி அடிச்சாவது நிக்க வையி சாரே" என்று சண்டை போட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுக்கும் வழி இருக்கும்மா. ரெண்டு வழி இருக்கு."

ஒன்று, ஈறைப் பிரித்துத் தாடையெலும்பின் மேல் ஓர் உலோகச் சட்டத்தை உட்கார வைப்பது. மற்றது, முன்தாடை எலும்புக்குள்ளேயே மெல்லிய தகடு இரண்டை இறக்குவது. எதுவானாலும் ஈறுக்கு மேல் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், பல்தட்டு அதில் மாட்டிக்கொள்ளும். எது நல்லது என்றேன். வைத்துக்கொண்ட இரண்டு பேர் அடுத்த வாரம் வருகிறார்கள், நீங்களே கேளுங்கள் என்றார்.

சட்டம் வைத்தவர் ஆரணியில் நெல் வியாபாரி. தகடு வைத்தவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாட்ச்மேன். அடுத்த வாரம் இருவரையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்து வறுத்த வேர்க்கடலை கொடுத்தேன். மென்றார்கள். ஏலம் கூவச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே கூவினார்கள். இரண்டு தட்டும் அசையவில்லை. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, மீனுக்குச் செவுளைத் தூக்குவதுபோல் உதட்டை விலக்கிப் பார்த்தேன். நெல்காரருக்கு முளையைச் சுற்றி ஈறு செக்கச்செவேல் என்றிருந்தது. வாட்ச்மேனுக்கு வெளிர்நிறம்.

"இதான் புதுச் சரக்கு. எனக்கும் இதையே வையி சாரே" என்று நெல்காரரைக் காட்டினேன்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "செவுள் சிவந்தா மீன் நல்லது. ஈறு சிவந்தா புண்ணும்மா."

நெல்காரருக்குத் தாடையெலும்பு தேய்ந்துபோனதால் சட்டத்தைத் தவிர வழியில்லையாம். எனக்கு முன்தாடையில் எலும்பு மிச்சம் இருந்தது. தகடு என்று முடிவானது. அப்புறம் பல மாதம் வலியும் கஞ்சியும்தான்.

கரைக்குத் திரும்பிய அன்று கொழுந்தன் கூவ வாயெடுத்தான். "நவுருப்பா" என்று நான் போய் நின்றேன்.

பொன்னேரி வியாபாரி வேண்டுமென்றே இறால் கூடைமேல் குனிந்துகொண்டார். ஒரு தரம் சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். தட்டைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தில் கை வாய்ப்பக்கம் போனது. அதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "மூணு தரம்" என்று போட்ட சத்தத்தில் படகில் வலை பிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வியாபாரி இன்னும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தேடிக்கினு கீற, நைனா?" என்றேன். "அதுல எறா மட்டுந்தான் கீது. எடுத்துக்கினு போ."